பழைய வீட்டுச் சுவரில் கூட்டோடு ஊரும் சின்னப் புழு: காரையைத் தின்கிறதா?

வளவுவீட்டுப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தான் பக்கம். பங்காளிகள் எல்லோரும் வெளியூர், பாதிப்பேர் வெளிநாடு. பொங்கலுக்கும் கல்யாணம், சாந்தி என்று ஏதாவது வந்தாலும்தான் வீட்டை முழுசாகத் திறப்போம். மற்ற நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா முகப்பையும் நடுமுற்றம் இருக்கிற வளவையும் கூட்டிவிட்டுப் பூட்டிவிடுவார். இரண்டாம் கட்டும் அதற்குப் பின்னால் இருக்கிற அறைகளும் மாதக்கணக்கில் அடைத்தேதான் கிடக்கும்.

இந்தத் தடவை மழைக்காலம் முடிந்து போய்த் திறந்தால், இரண்டாம் கட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையாக, பூசணி விதை மாதிரி, நடுவில் அகன்று இரண்டு முனையும் குறுகி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, தரையும் சுவரும் சேருகிற ஓரத்திலிருந்து உத்தரம் வரைக்கும் ஆங்காங்கே. முதலில் காய்ந்த மண் என்று நினைத்து ஒன்றைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருந்ததும் ஒரு முனையிலிருந்து கருத்த தலை எட்டிப் பார்த்தது. அப்படியே கூட்டை இழுத்துக்கொண்டு உள்ளங்கையில் நடக்க ஆரம்பித்துவிட்டது. விரலால் தொட்டேன், உள்ளே போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து அதே தலை மறுமுனையிலிருந்து வருகிறது! எதிர்ப்பக்கமாக நடக்கிறது.

பூச்சி மருந்து அடிக்கிற ஒருவரைக் கூப்பிட்டோம். இது சுவரை அரிக்கிற பூச்சி, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும் என்று சொல்லிச் சுவர் முழுக்கத் தெளித்துவிட்டுப் போனார். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசிய பழைய பூச்சு அது, கையால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். அதில் இப்போது திட்டுத்திட்டாக எண்ணெய்க் கறை. புழு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இது என்ன பூச்சி? உண்மையிலேயே காரையைத் தின்னுமா? பர்மாத் தேக்குத் தூணும் கதவும் இருக்கிற வீடு, அதற்கு ஆபத்து உண்டா? கொழும்பில் இருக்கும் அத்தை மகனுக்குப் படம் அனுப்பினால் அவன் வீட்டுக் குளியலறையிலும் இதே இருக்கிறதாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


விளக்கடிப்பூச்சி எழுதியது:

காரைக்குடியில் இருக்கிறேன், இரவில் விளக்குக்கு வருகிற பூச்சிகளைப் படமெடுத்துப் பதிவு செய்வது என் வேலையோடு சேர்ந்த பழக்கம். நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் பொருந்துகிறது, குறிப்பாக இரண்டு முனையிலிருந்தும் தலை வருவது. இது ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு. கம்பளித் துணியை ஓட்டை போடுகிற அந்துகள் இருக்கின்றனவே, அந்த டினெய்டே குடும்பம்தான் இதற்கும். ஃபெரியோகா என்ற பேரினம். இதில் ஃபெரியோகா அல்லுடெல்லா என்ற இனத்துக்கு 1892இல் ரெபெல் என்பவர் கேனரித் தீவுகளில் கிடைத்ததை வைத்துப் பெயர் வைத்தார். அப்புறம் அதே பூச்சி இந்தியா, இலங்கை, ஜாவா, சமோவா, ஹவாய், செஷல்ஸ், பனாமா என்று ஒன்றுக்கொன்று கடல்கடந்து கிடக்கிற இடங்களிலெல்லாம் பதிவாகியிருக்கிறது. இதன் நெருங்கிய உறவான உடெரெல்லா என்ற இனம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து பிரேசில் வரைக்கும் வீடுகளில் இருக்கிறது. இரண்டும் சுவரில் கூடாகத் தொங்கும்போது பார்வைக்கு ஒன்றுதான், வளர்ந்த பூச்சியைப் பிடித்து அறுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். வாழ்கிற விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, உங்கள் கேள்விக்கு இது போதும்.

இவ்வளவு தூரம் இது எப்படிப் பரவியது என்று யோசித்தால் ஒரே வழிதான் தெரிகிறது. வளர்ந்த பூச்சிக்கு வாய் வேலை செய்யாது, அது எதையும் தின்பதில்லை. பெண் பூச்சி இறக்கை விரித்தால் 10 முதல் 13 மில்லிமீட்டர், ஆண் 7 முதல் 9 மில்லிமீட்டர். முட்டையிட்டு முடித்ததும் பெண் செத்துப்போகும். இது கடலைத் தாண்டிப் பறக்கிற பூச்சி இல்லை. ஆனால் புழு இருக்கிற கூடு ஒரு மரப்பெட்டியின் அடியிலோ சாக்கின் மடிப்பிலோ ஒட்டிக்கொண்டால் மனிதர்கள் போகிற இடமெல்லாம் போகும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று பெட்டி பெட்டியாகச் சாமான் ஏற்றி இறக்கிய ஊர்கள் நம்முடையவை. காட்டுப் பூச்சி என்பதைவிட வீட்டுப் பூச்சி என்று சொல்லிவிடலாம், மனிதன் கட்டிய கூரைக்கும் சுவருக்கும் தன்னைப் பழக்கிக்கொண்டது.

இதன் வாழ்க்கையை முட்டையிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்து எழுதியவர் அனெட் ஐயெல்லோ, பனாமாவில் வேலை செய்த பூச்சியியலாளர். 1979இல் அந்தக் கட்டுரை வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது கூடு கட்டுகிற விதம். முட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வெளிர் நீலம். சுவரும் தரையும் சேருகிற இடுக்கில், குப்பையோடு குப்பையாக ஒட்டி வைத்திருக்கும். ஒரு பெண் ஒரு வாரத்துக்குள் சுமார் 200 முட்டை இடும். பத்து நாளுக்கு மேல் ஆகும் பொரிக்க. வெளியே வந்த புழு தன் நூலால் தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு கட்டும், வளைவின் இரண்டு காலும் தரையில் ஒட்டியிருக்கும். அதன் வெளிப்பக்கத்தில் மணல், மண், துரு, பூச்சி எச்சம், முடி என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டும். உள்பக்கம் மட்டும் சுத்தமான நூல். வளைவை நீட்டி நீட்டிச் சுரங்கமாக்கி, கடைசியில் அடிப்பக்கத்தையும் மூடித் தரையிலிருந்து பிரித்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் நடையே. ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் கூட்டைப் பெரிசாக்கும், ஆறு ஏழு பருவம் இப்படியே போகும். முழுசாக வளர்ந்த கூடு 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம். நடுவில் அகலமாக இருப்பதால்தான் புழு உள்ளேயே திரும்ப முடிகிறது, நீங்கள் கையில் பார்த்தது அதைத்தான். தொட்டதும் கூட்டின் அடிப்பக்கத்தை மேலே இழுத்து வாயை மூடிக்கொள்ளும், அதைத் திறப்பது எதிரிக்கு அவ்வளவு சுலபமில்லை.

ஒரு லென்ஸ் இருந்தால் கூட்டை வெயிலில் வைத்துப் பாருங்கள். நான் ஒரு பழைய வீட்டிலிருந்து எடுத்து வந்ததில் வெள்ளைச் சுண்ணாம்புத் துகள், செங்கல் சிவப்பில் நாலைந்து மணல், ஜன்னல் கம்பித் துரு, ஒரு எறும்பின் கால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. எந்தச் சுவரில் இருக்கிறதோ அந்தச் சுவர்தான் அதன் சட்டை, அதனால்தான் கண்ணில் படாமல் இத்தனை நாள் உங்கள் வீட்டில் குடியிருந்திருக்கிறது.

சரி, சாப்பாடு. காரையும் தின்னாது, தேக்கும் தின்னாது. பழைய சிலந்தி வலை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி, தன் இனமே விட்டுப்போன பழைய கூடு, இவைதான். பருத்தித் துணியைக் கொடுத்துப் பார்த்தபோது தொடவில்லை. ஆக, உங்கள் வீட்டில் இது வாழ்வது ஒட்டடையை நம்பி.


காரைவேலை எழுதியது:

தம்பி, மேலே சொன்னது சரி. பூச்சு வேலையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை. நான் பார்த்த பூட்டிய வீடுகளில் இந்தக் கூடு இல்லாத வீடே இல்லை, ஆனால் இதனால் ஒரு பூச்சு கெட்டு நான் பார்த்ததில்லை. புழு எடுப்பது ஏற்கெனவே உதிர்ந்து ஓரத்தில் கிடக்கிற துகளை. சுவரைச் சுரண்டிப் பள்ளம் போடுகிற பலம் அதற்குக் கிடையாது.

உங்கள் சுவரில் துகள் உதிர்கிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். வளவு மூலையில் மழைத்தண்ணீர் இறங்குகிற இடம், ஓடு நகர்ந்து ஒழுகுகிற இடம், அப்புறம் முக்கியமாக யாராவது நடுவில் சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடம். சுண்ணாம்புச் சுவருக்கு ஈரத்தை வாங்கி வெளியே விடுகிற குணம் உண்டு. சிமெண்ட் அதை அடைத்துவிடும், ஈரம் பக்கத்தில் இருக்கிற நல்ல பூச்சைத் தேடிப் போய் அதை உப்பவைத்து உதிர்த்துவிடும். அந்த ஈரம்தான் உங்களுக்கு இந்தப் பூச்சியையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

மரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தூணிலோ நிலையிலோ ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருந்து கீழே மாவு கொட்டினால் அது வண்டு. மண்ணால் கோடு ஏறினால் கரையான். இரண்டுக்கும் உடனே ஆள் பாருங்கள், ஒத்திப்போடாதீர்கள். தேக்கின் மேல் இந்தக் கூடு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டால் போதும்.

எனக்கு வருத்தமாக இருப்பது மருந்து அடித்த கறைதான். எண்ணெய் கலந்த மருந்தைச் சுண்ணாம்புப் பூச்சில் அடிக்கவே கூடாது, அது உள்ளே ஊறிவிடும். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், உப்புத்தாள் நினைக்கவே நினைக்காதீர்கள், மேல் மெருகு போனால் திரும்ப வராது. பழைய பூச்சு தெரிந்த ஒருவரை வைத்து, கண்ணில் படாத ஓரத்தில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். இந்த மாதிரிப் பூச்சு இன்றைக்குப் புதிதாகப் பூச எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஒட்டடைக் கம்பில் முடிகிற வேலைக்குச் சுவரைப் பலி கொடுக்க வேண்டாம்.


தேவகோட்டை_ஆச்சி எழுதியது:

இந்தக் கேள்வியைக் கேட்ட அப்பச்சிக்கு நன்றி, நானும் ரொம்ப நாளாக இது என்ன என்று கேட்க நினைத்தேன். எங்கள் வீட்டில் சுவரில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் மகள் வாங்கி வந்த கம்பளிச் சால்வை ஒன்றை அலமாரிக்கு மேல் மடித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் மடிப்புக்குள் இதே கூடு, கூட்டைச் சுற்றிச் சால்வையின் அரக்கு நிறத்திலேயே பிசிறு ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் பயறு அளவுக்கு ஓட்டை. பெட்டகத்தில் ஆயா காலத்துப் பட்டுப் புடவைகள் இருக்கின்றன, கண்டாங்கியும் இருக்கிறது. அதற்கும் போகுமா? பாச்சை உருண்டை போட்டால் போதுமா?


விளக்கடிப்பூச்சி எழுதியது:

ஆச்சி, சால்வைக் கதை இதன் குணத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது, கம்பளியைத் தின்றுகொண்டே அதே நூலை எடுத்துக் கூட்டிலும் வைத்துக்கொண்டிருக்கிறது. கண்டாங்கி பருத்தி, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்டும் கம்பளி மாதிரி உயிரிடமிருந்து வருகிற நார் என்பதால் கவனமாக வைத்துக்கொள்வது நல்லது. துவைத்துக் காயவைத்துச் சுத்தமான பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டகத்தைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். கூடு நடந்துதான் வர வேண்டும், சுவரும் ஒட்டடையும் பெட்டகத்தைத் தொடாமல் இருந்தால் பாதி வழி அடைபட்டுவிடும். சால்வையை உதறி, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வைத்து எடுத்தால் உள்ளே மிச்சம் இருக்கிற புழுவும் செத்துவிடும்.

பாச்சை உருண்டை மூடின பெட்டிக்குள்தான் வேலை செய்யும், ஆவி உள்ளேயே நிற்க வேண்டும். அதுவும் புடவை மேல் நேரே படாமல் துணியில் முடிந்து வையுங்கள். திறந்த அறையில் சுவர் ஓரமாகப் போட்டு வைப்பதால் வாசனைதான் மிச்சம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டால் பெரிய ஆபத்து.

வளவுவீட்டுப்பிள்ளை, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. முட்டை பொரிக்கப் பத்து நாளுக்கு மேல், புழு வளர சுமார் 50 நாள், அப்புறம் கூட்டுக்குள்ளேயே பூச்சியாக உருமாறுகிற கூட்டுப்புழு நிலையில் 11 முதல் 23 நாள். மொத்தத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய இரண்டரை மாதம். நீங்கள் பொங்கலுக்கு ஒரு தரம், அப்புறம் ஒரு விசேஷத்துக்கு ஒரு தரம் என்று திறந்தால் நடுவில் இரண்டு தலைமுறை பெருகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அடைத்த அறைகளையும் திறந்து ஒட்டடை அடித்துவிட்டால், இருக்கிற புழு பூச்சியாகி முட்டையிடுவதற்கு முன்னாடி பெரும்பாலும் கூட்டோடு வெளியே போய்விடும், தின்பதற்கும் எதுவும் மிஞ்சாது. சுவரின் நடுப்பகுதியைவிடத் தரை ஓரம், கதவு நிலைக்குப் பின்னால், உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில், குழல்விளக்குக்கு நேர் கீழே, இந்த இடங்களை விடாதீர்கள். விளக்கடியில் இரவில் செத்து விழுகிற பூச்சிகள்தான் இதற்கு அன்றாடச் சோறு. குளியலறை ஓரத்தில் தலைமுடி சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடித்த ஒட்டடையை வாசலில் கொட்டிவிட்டுப் போனால் புழு நிதானமாக நடந்து திரும்பி வரும். சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கொட்டச் சொல்லுங்கள்.

ஈரத்தைப் பற்றி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஈரக்காற்று இல்லாமல் இது நன்றாக வளராது. நம் பக்கம் வருடத்தில் பாதி காய்ந்துதான் கிடக்கும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அடைத்த அறைக்குள் ஏறுகிற ஈரம் தை மாசி வரைக்கும் போவதில்லை. மழை விட்டதும் வெயில் ஏறின நேரத்தில் எதிரெதிர்க் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். அந்த வீடுகளை அப்படிக் காற்றோட வேண்டும் என்றுதானே முகப்பிலிருந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் கதவு வைத்துக் கட்டினார்கள்.


செம்மண்பூமி எழுதியது:

இதைக் கொல்லத்தான் வேண்டுமா? வீட்டுக் குப்பையைத் தின்கிறது, கடிப்பதில்லை, சாப்பாட்டுப் பொருளில் விழுவதில்லை. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பூச்சி கிடையாது, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு இரண்டு முனையிலும் நடப்பதைக் காட்டினால் என் பையன் இடத்தை விட்டு எழுந்திருப்பதே இல்லை. மருந்து அடித்தால் சிலந்தி, பல்லி எல்லாமும் சேர்ந்து போகும், அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.


விளக்கடிப்பூச்சி எழுதியது:

மருந்து வேண்டாம் என்பதில் நானும் உங்களோடுதான். இந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு வளர்கிற குளவி ஒன்று உண்டு, அபான்டெலிஸ் கார்பேட்டஸ் என்று பெயர், கொசுவைவிடச் சின்னது. மருந்து முதலில் முடிப்பது அந்த மாதிரி ஆட்களைத்தான். கூட்டுக்குள் இருக்கிற புழுவுக்கு மேலே தெளிப்பது சரியாகப் போய்ச் சேராது, வெளியில் திரிகிற குளவிக்கு உடனே சேரும். தொழுவத்திலும் திண்ணைக்கு அடியிலும் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. கம்பளி இருக்கிற அறையில் மட்டும் இடம் கொடுக்க வேண்டாம்.


வளவுவீட்டுப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தேக்குக்கும் காரைக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி, பங்காளிகள் குழுவிலும் இதைப் போட்டுவிட்டேன். கறைக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இனி மருந்து கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கூட ஒரு ஆள் கூலி கொடுத்து எல்லா அறையையும் திறக்க ஏற்பாடு செய்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். சுவரில் அசையாமல் இருக்கிற கூட்டில் எது காலி, எது உயிரோடு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


விளக்கடிப்பூச்சி எழுதியது:

முனைகளைப் பாருங்கள். கூட்டுப்புழுவாக மாறப்போகிற புழு சுவரில் மேலே ஏறி, கூட்டின் இரண்டு முனையையும் நூலால் சுவரோடு கட்டிவிடும், ஊதினாலும் ஆடாது. அப்புறம் ஒரு முனையின் இரண்டு ஓரத்தையும் லேசாகக் கத்தரித்துத் தட்டையான கதவு மாதிரி ஆக்கிவைக்கும். பூச்சி வெளியே வருகிற அன்றைக்குக் கூட்டுப்புழு அந்த வாய் வழியாகப் பாதி உடம்பை வெளியே தள்ளும், பெரும்பாலும் உச்சிப்பொழுதை ஒட்டி, அங்கேயே தோல் பிளந்து பூச்சி போய்விடும். ஆகவே கூட்டின் வாயில் பழுப்பு நிறத்தில் மெல்லிய காய்ந்த தோல் துருத்திக்கொண்டிருந்தால் அது காலி. தோல் துருத்தாமல், இரண்டு முனையும் கட்டி, அசையாமல் இருந்தால் உள்ளே கூட்டுப்புழு இருக்கிறது, அதை முதலில் எடுங்கள். ஒரு முனை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது நடமாடுகிற புழு. காலியானதையும் சுவரிலேயே விட்டுவைக்க வேண்டாம், அடுத்து வருகிற புழு அதையும் தின்னும்.